ஏழாவது குழியின் வலது பக்கம்

2 பிப்ரவரி, ஞாயிறு

இந்த நோட்டு கோல்ஃபுக்கு மட்டும். முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். சொந்தக் கதை, சோகக் கதை எதுவும் இதில் வராது. மகள் தாரணி பெங்களூரிலிருந்து அனுப்பிய நோட்டு. "அப்பா, தினமும் என்ன பண்றீங்கன்னு எழுதுங்க, மனசுக்கு நல்லது" என்றாள். என் மனசுக்கு ஒரு கேடும் இல்லை. கேடு என் பந்துக்குத்தான்.

முப்பத்து நாலு வருஷம் நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தேன். ஓய்வு பெறும் நாளில் எல்லாருக்கும் மோதிரம் போடுகிற முதலாளி, எனக்கு மட்டும் "சென்னியப்பன் கொஞ்சம் நடந்தா நல்லது" என்று ஊருக்கு வெளியே இருக்கிற சின்ன கோல்ஃப் கிளப்பில் மெம்பராக்கிவிட்டார். மொத்தமே ஒன்பது குழி. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் போகிறேன். நன்றாக நடக்கிறேன், பந்தைத் தேடி.

என் பந்து கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பும். பாதி வானத்தில் புத்தி மாறி வலது பக்கம் வளைந்துவிடும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயராம். பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

இன்று ஏழாவது குழியில் அடித்த பந்து வலது பக்க வேலியைத் தாண்டி ஒரு வீட்டு மொட்டை மாடியில் விழுந்தது. என் பையைத் தூக்கி வருகிற கேடி ஆறுச்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. பையைவிட வாய்தான் கனம். "போச்சுங்க சார்" என்றார். அது எனக்குத் தெரியாதா?

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. வேலியோரத்து வீட்டுக்காரர்களோடு முன்பு பெரிய சண்டை நடந்து, சமாதானமாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீள நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தேதி, அடித்தவர், சேதம், காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டம். அடித்தவரே நேரில் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பந்து திரும்பக் கிடைக்கும். கேடியை அனுப்பக் கூடாது. பல பேர் வெட்கப்பட்டுப் பந்தை விட்டுவிடுவார்கள். நான் விடுவேனா? என் பந்து என் பந்து.

போனேன். வீட்டுக்காரர் பெயர் கோகிலவாணி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். மாடியில் வேட்டி விரித்துக் கூழ் வத்தல் காயப்போட்டிருந்தார். என் பந்து வத்தல் நடுவே உட்கார்ந்திருந்தது.

சேதம்: வத்தல் பதினொன்று. காரணம்: பாலக்காட்டுக் காற்று.

டீச்சர் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"பாலக்காட்டுக் காத்து வைகாசிலதானுங்க அடிக்கும். இது தை மாசம். காரணம் தப்புங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறுபத்தொரு வயதில் எனக்குத் தப்புப் போடுகிறார்! பந்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

4 பிப்ரவரி, செவ்வாய்

பந்து: வலது. அதே மாடி. காரணம்: அடிக்கும்போது ஆறுச்சாமி தும்மினார். சிவப்பு: தப்பு.

காபி: ஒன்று. சிக்கரி குறைவு, சூடு சரி.

6 பிப்ரவரி, வியாழன்

பந்து: வலது. காரணம்: குறுக்கே மைனா. சிவப்பு: தப்பு. "மைனாவுக்குப் பந்தைத் திருப்பற சக்தி இருந்தா நான் அதுக்குப் பரிசு கொடுப்பேங்க" என்றார். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

காபி: ஒன்று. கச்சாயம்: மூன்று. வெல்லப் பாகு பதம் ஜோராக இருந்தது. கச்சாயம் தின்று நாலு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரி ருக்மணி போன பிறகு வீட்டில் எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை.

இது கோல்ஃப் நோட்டு. மேலே உள்ளதை அடித்துவிட வேண்டும். பேனா மையை வீணாக்குவானேன், இருக்கட்டும்.

13 பிப்ரவரி, வியாழன்

பந்து: இரண்டு. இரண்டும் வலது. முதலாவது தற்செயல். இரண்டாவதும் தற்செயல்தான். ஆறுச்சாமி என் சட்டையை மேலும் கீழும் பார்த்து, "கோல்ஃபுக்கு இஸ்திரி போட்ட சட்டைங்களா சார், நம்மூட்டுக் கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி வரலீங்களே" என்றார். சட்டை தானாக அப்படி இருந்தது.

டீச்சரின் கணவர் போய் ஆறு வருஷமாம். ஒரே மகன், மஸ்கட்டில். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவானாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் காதில் விழுந்தது.

16 பிப்ரவரி, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பந்து வலது. மாடியில் இருக்கிற சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயைச் சுக்கல் சுக்கலாக உடைத்துவிட்டது. டீச்சர் அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் கீழே இறங்கியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது வத்தல் எல்லாம் கண்ணாடித் தூள். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் என்று நினைத்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மகனின் வீடியோ. கண்ணாடித் தூளைப் பார்த்ததும் குதித்தான்.

"அம்மா, அது வீடா, போர்க்களமா? சித்திரைக்குள்ள பாருங்க. பந்து விழறது நிக்கலீன்னா வீட்ட வாடகைக்கு உட்டுட்டு நீங்க இங்க வந்தர்றீங்க. பேச்சே கிடையாது."

நான் ஃபோனுக்குத் தெரியாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

சித்திரைக்கு இன்னும் இரண்டு மாசம்கூட இல்லை. அதற்குள் என் பந்து நேராகப் போக வேண்டும். போயே தீர வேண்டும். இது கிளப்பின் நற்பெயர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காரணம் என்ற கட்டத்தில் இன்று ஒன்றும் எழுதவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

விளையாடவில்லை. புதுக் கண்ணாடிக் குழாய் வாங்கிப் போய் நானே மாட்டிக் கொடுத்தேன். மில்லில் எத்தனை மெஷினைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், இது எம்மாத்திரம். ஒரு குழாய் மாட்ட மூன்று மணி நேரம் ஆனது. அரிசிம்பருப்பு சாதம் போட்டார். நெய் தாராளம்.

20 பிப்ரவரி, வியாழன்

பந்து வலது. நல்லவேளை, செம்பருத்திச் செடியில் விழுந்தது. காரணம்: மட்டை பழசு. சிவப்பு: தப்பு.

இன்றைக்கு நான் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "எல்லாமே தப்புன்னா, சரியான காரணம் என்னதானுங்க டீச்சர்?"

அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தார். வத்தலுக்குக் காக்காய் ஓட்ட மாடியில் நிற்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"உங்க மட்டை வர்ற பாதை கோணலுங்க. பந்துக்கு அக்கட்டால இருந்து வந்து, உங்க பக்கமா இழுத்து வெட்டறீங்க. மட்டையோட மூஞ்சி வேற வலது பக்கம் திறந்து நிக்குது. பந்து சும்மா போகுமா? முறுக்கு ஏறிச் சுத்திக்கிட்டே போகுது. சுத்தற பந்து வளையத்தானுங்க செய்யும். நீங்க மில்லுல இருந்தவருதான? நூலுக்கு முறுக்கு எப்படி ஏறுதுன்னு நான் சொல்லோணுமா?"

எனக்கு மண்டையில் ஓங்கிக் குட்டின மாதிரி இருந்தது. எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்று முப்பத்து நாலு வருஷம் ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன். நூலை எந்தப் பக்கம் தேய்த்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பந்துக்கு நானே தினமும் முறுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறேன், அது உறைக்கவில்லை. நல்ல மாஸ்டர்!

மருந்தும் சொன்னார். பந்துக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பின்னால் ஒரு சாமானை வைக்க வேண்டும். பழைய பாதையில் வந்தால் மட்டை அந்தச் சாமானில் இடிக்கும். இடிக்காமல் அடிக்க வேண்டுமென்றால் மட்டை உள்ளே என் பக்கத்திலிருந்து வெளியே போயாக வேண்டும். சாமானாக எதை வைப்பது என்றேன். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி நிறையக் கச்சாயம் போட்டு மூடிக் கொண்டுவந்தார்.

"இத வெச்சுக்கங்க. இடிச்சா பலகாரம் தூளாப் போயிரும். அந்தப் பயத்துலயாவது பாதை திருந்தும்."

நல்ல டீச்சர்தான்.

21 பிப்ரவரி, வெள்ளி

என் வீட்டு மாடியில் பயிற்சி. பிளாஸ்டிக் பந்து. போசியில் நெளிவு: ஆறு. கச்சாயம் முழுசு: இரண்டு. தூள்: மீதி எல்லாம். தூளையும் தின்றேன்.

24 பிப்ரவரி, திங்கள்

நெளிவு: பதினாலு. பக்கத்து வீட்டில் "என்னங்க சத்தம், பாத்திரக் கடையா வெச்சிருக்கீங்க?" என்கிறார்கள். தாரணி வீடியோவில் வந்தாள். என் கையில் மட்டை, காலடியில் நசுங்கின போசி.

"அப்பா, அது யாரோட போசி?"

"கிளப்போடது."

"கிளப்புல போசி தர்றாங்களா? அதுல கோகிலவாணின்னு பேர் வெட்டியிருக்குதுங்கப்பா."

கேமராவில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று யாருக்குத் தெரியும். சிக்னல் போய்விட்டது என்று சொல்லிக் கட் செய்தேன்.

2 மார்ச், ஞாயிறு

பந்து: வலது. ஆனால் வளைவு பாதியாகக் குறைந்திருக்கிறது. மாடிக்குப் போகாமல் சுற்றுச் சுவரில் பட்டு உள்ளே விழுந்தது. காரணம்: மட்டையின் மூஞ்சி. "பக்கத்துல வந்துட்டீங்க" என்றார். தப்புத்தான் போட்டார்.

காபி: இரண்டு.

6 மார்ச், வியாழன்

மருந்து அதிகமாகிவிட்டது. பந்து இடது பக்கம் வளைந்து பொன்னுரங்கம் வீட்டுக்குள் போய்விட்டது. ஏழாவது குழிக்கு வலது பக்கம் டீச்சர் வீடு, இடது பக்கம் இவர் வீடு. போலீஸில் டி.எஸ்.பி.யாக இருந்தவர், எங்கள் கிளப் மெம்பர். இரண்டு நாய் வளர்க்கிறார். பெரிய நாய் என் பந்தை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பந்து என் பந்து என்ற கொள்கையை இன்று ஒருநாள் தளர்த்திக்கொண்டேன்.

11 மார்ச், செவ்வாய்

பந்து: வலது, வேலியோரம், மயிரிழையில் டீச்சர் வீட்டுப் பக்கம். காபி குடிக்கும்போது டீச்சர் சொன்னார்: "இன்னும் ஒரு வாரங்க. அப்பறம் உங்க பந்து இந்தப் பக்கம் எட்டியே பாக்காது."

"ஆமாங்க" என்றேன்.

"நல்லதுதானுங்க" என்றார்.

"ரொம்ப நல்லதுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சோலார் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

13 மார்ச், வியாழன்

நேர்!! ஏழாவது குழி. ஆணி அடித்த மாதிரி நேர். ஆறுச்சாமி பையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். மாடியில் டீச்சரும் காக்காய் ஓட்டுகிற குச்சியைத் தூக்கிக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தை எடுக்க நடு மைதானத்தில் நடந்து போனேன். குழியில் போட்டேன். எட்டாவது குழிக்குப் போனேன். ஒன்பதுக்குப் போனேன். வீட்டுக்கு வந்தேன்.

காபி: கிளப்பில். கழுவின தண்ணீர்.

16 மார்ச், ஞாயிறு

நேர்.

18 மார்ச், செவ்வாய்

நேர். எல்லாரும் பாராட்டுகிறார்கள். பொன்னுரங்கம் ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று பின்னாலேயே வருகிறார். எரிச்சலாக இருக்கிறது. ஏப்ரல் ஆறாம் தேதி கேப்டன் கோப்பைக்கு நான்தான் ஜெயிப்பேன் என்று கேன்டீனில் பேச்சாம்.

மாடியில் வேட்டி விரித்திருந்தது. வத்தல் சீசன் இந்த வருஷம் நீளம் போலிருக்கிறது.

20 மார்ச், வியாழன்

நேர். போசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெளிந்த போசியை எப்படிக் கொடுப்பது? பட்டறையில் கொடுத்துத் தட்டி வாங்கினேன். தட்டின பிறகு அது வேறு ஏதோ பாத்திரம் மாதிரி இருக்கிறது. இதைக் கொண்டு போனால் சிரிப்பார். கொண்டுபோகவில்லை.

23 மார்ச், ஞாயிறு

டீச்சர் வீட்டு கேட்டில் பலகை தொங்குகிறது. "வீடு வாடகைக்கு." கொட்டை எழுத்து. ஏழாவது குழியிலிருந்தே படிக்க முடிந்தது. நான் மூன்று தரம் படித்தேன்.

எனக்குப் புரியவில்லை. பந்து விழுந்தால் போக வேண்டும் என்றுதானே மகன் சொன்னான்? பத்து நாளாக ஒரு பந்துகூட விழவில்லையே! போசியை நசுக்கி, முதுகு பிடித்து, தைலம் தேய்த்து, இவ்வளவும் எதற்குச் செய்தேன்?

ஆறுச்சாமியின் வீட்டம்மா அந்தத் தெருவில்தான் பூ விற்கிறார். அவரிடம் டீச்சர் சொன்னாராம்: "முன்னெல்லாம் மூணு நாளைக்கொருக்கா ஆராச்சும் வருவாங்க. இப்ப ஒருத்தரும் வர்றதில்ல. சும்மா சொவத்தப் பாத்துட்டு ஒக்காந்து என்ன பண்றது, மகன்கிட்டயே போயர்றேன்."

இதைச் சொல்லிவிட்டு ஆறுச்சாமி என்னையே பார்த்தார்.

"யாரு வந்தாங்களாம்?" என்றேன்.

"அதானுங்க சார், எனக்கும் தெரியல" என்றார். அந்த ஆளுக்கு வாய்க் கொழுப்பு.

25 மார்ச், செவ்வாய்

முடிவு: பந்தைப் பழையபடி வலது பக்கம் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு தரம். போய் விவரம் கேட்டுவிட்டு வந்துவிடலாம். மாடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் அடித்தேன்.

பந்து: நேர், நேர், நேர், நேர்.

27 மார்ச், வியாழன்

நேர். ஒரு வருஷமாகக் கேட்காமலே வந்துகொண்டிருந்த ஸ்லைஸ், வேண்டும் என்றதும் வர மாட்டேன் என்கிறது. உடம்பு புதுப் பாதையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. வீட்டு மாடியில் போசியை இந்தப் பக்கம் மாற்றி வைத்துப் பயிற்சி. நெளிவு: ஒன்பது. மறுபடியும் பட்டறைக்குப் போக வேண்டும். பட்டறைக்காரர் சிரிக்கிறார்.

30 மார்ச், ஞாயிறு

பந்து: இடது. நாய்.

1 ஏப்ரல், செவ்வாய்

ஆறுச்சாமி இன்று பையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த வீட்டுக்கு கேட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுல பெல்லும் இருக்குதுங்க. அமுத்துனா கேக்கும்."

"பெல்லடிச்சு என்னன்னு சொல்றது? காரணம் வேண்டாமாய்யா?" என்று கத்திவிட்டேன்.

மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். மாடியிலும் கேட்டிருக்கலாம். அங்கே இன்றைக்கும் வேட்டி விரித்திருந்தது.

3 ஏப்ரல், வியாழன்

தாரணி ஃபோனில்: "அப்பா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன். "கிளப்பு போசியத் திருப்பிக் குடுத்தாச்சா?" என்றாள். இல்லை என்றேன். "கொண்டுபோய்க் குடுங்கப்பா. வெறும் போசியாக் குடுக்காதீங்க, எதாச்சும் போட்டுக் குடுங்க" என்றாள். குறும்புக்காரி. அவள் அம்மாவும் இப்படித்தான், எதையும் நேராகக் கேட்க மாட்டாள், எல்லாம் தெரிந்துவைத்திருப்பாள்.

சாயங்காலம் ஸ்லைஸ் வந்தது. வீட்டு மாடியில், பிளாஸ்டிக் பந்தில், ஏழு தரத்தில் இரண்டு தரம். உடம்பை இடது பக்கம் திருப்பி நிற்க வேண்டும். மட்டையின் மூஞ்சியைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து இழுத்து வெட்ட வேண்டும். முன்பு தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

6 ஏப்ரல், ஞாயிறு

கேப்டன் கோப்பை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது குழியை இரண்டு சுற்று ஆட வேண்டும். இரண்டாவது சுற்றில் ஏழாவது குழிக்கு வரும்போது நான் பொன்னுரங்கத்தைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தேன். நேராக மூன்று குழி ஆடினால் கோப்பை என் வீட்டு அலமாரியில். ருக்மணி படத்துக்குப் பக்கத்தில் வைக்க இடம்கூட ஒழித்து வைத்திருந்தேன்.

வலது பக்கம் பார்த்தேன். பலகை தொங்கியது. மாடியில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. இன்னும் எட்டு நாளில் சித்திரை.

"ஆறுச்சாமி, ஓடிப் போய் டீச்சர் எங்க இருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க" என்றேன்.

"இப்பங்களா சார்? போட்டி நடக்குதுங்களே!"

"போய்யா!"

ஓடினார். வேலியோரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "கீழ வாசப்படில ஒக்காந்திருக்காங்க. மாடில ஈ காக்கா இல்ல. அடிங்க சார்."

உடம்பை இடது பக்கம் திருப்பி நின்றேன். பொன்னுரங்கம் பதறிப்போனார். "யோவ் சென்னியப்பன், என் வீட்டப் பாத்து நிக்கறீங்க! இருங்க, நாயக் கட்டச் சொல்றேன்!" என்று ஃபோனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்.

நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். மூஞ்சியைத் திறந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து இழுத்து ஒரே வெட்டு.

பந்து பொன்னுரங்கம் வீட்டைப் பார்த்துக் கிளம்பியது. நடு வானத்தில் முறுக்கு வேலை செய்தது. வேப்ப மரத்தின் தலையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வளைந்து, வளைந்து, மாடியில் அந்த வேட்டியின் நட்ட நடுவில் பொத்தென்று விழுந்தது. ஒரு வருஷத்தில் நான் அடித்ததிலேயே இதுதான் சிறந்த அடி. நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போன முதல் பந்து.

"ஐயோ போச்சே" என்றார்கள் எல்லாரும். "ரெண்டு அடி அபராதம், அவ்வளவுதான். வேற பந்த வெச்சு அடிங்க, இன்னும் ஜெயிக்கலாம்" என்றார் ஒருத்தர்.

"என் பந்து என் பந்துங்க" என்று சொல்லிவிட்டு மட்டையை ஆறுச்சாமி கையில் கொடுத்தேன். பையின் அடியிலிருந்து போசியை எடுத்தேன். அதில் தேங்காய் பன் வாங்கிப் போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பலகாரம் அவ்வளவுதான். ஆறுச்சாமி "வெசையாப் போங்க சார்" என்றார்.

கேட் திறந்தே இருந்தது. டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நீள நோட்டு. படியில் இரண்டு டம்ளர் காபி, ஆடை படிந்திருந்தது.

"இருபத்தாறு நாளாச்சுங்க" என்றார்.

"பந்து மாடிலங்க. வத்தல் எத்தன போச்சுன்னு தெரியல" என்றேன்.

"வத்தல் போட்டு முடிஞ்சு மூணு வாரமாச்சு. வெறும் வேட்டியத்தான் விரிச்சு வெச்சிருந்தேன். வெள்ளையா இருந்தா அங்கிருந்து தெரியும்னு."

போசியை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னோடதுதானுங்களா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

தேதி எழுதினேன். அடித்தவர், சென்னியப்பன். சேதம், இல்லை. காரணம் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மேலே வரிசையாக என் கையெழுத்தில் பதினாறு காரணம். காற்று, தும்மல், மைனா, பழைய மட்டை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல்.

எழுதினேன்: "வேண்டுமென்றேதான் அடித்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. "நீங்கள் போகக் கூடாது" என்றும் எழுதினேன். இடம் போதாமல் கையெழுத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நின்றபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்ததில்லை.

இரண்டு கட்டத்தையும் சேர்த்து, நீளமாக ஒரு சரி போட்டார்.

"பதினாறு தப்பு எழுதி, பதினேழாவதுதான் சரி. என் வகுப்புல இத்தன மக்குப் புள்ளைய நான் பாத்ததே இல்லீங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி ஆறிவிட்டது என்று உள்ளே எடுத்துப் போனார், சூடு பண்ண.

கோப்பை பொன்னுரங்கத்துக்கு.

7 ஏப்ரல், திங்கள்

பலகையை இறக்கினோம். டீச்சர் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். மகனுக்கு வீடியோ போட்டு, "பந்து விழற வீட்டுக்கு எவன்டா வாடகைக்கு வருவான், நானே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். இந்தத் தரம் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கவில்லை.

பந்து: இல்லை. மட்டையை எடுத்துப் போகவே இல்லை.

காபி: இரண்டு.

காரணம்: கேட்கவில்லை. பெல்லை அமுக்கினேன், கேட்டது.